மூன்று பேர் வைத்த புள்ளி

அந்த அலுவலகத்தில் வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர், காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகள்போல, ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று கதவருகிலேயே தயங்குவார்கள். சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்கள் வேலையே அதுதான்.

மூவரில் தலைவருக்குப் பெரியவர் என்று பெயர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. அடுத்தவருக்குக் கண்ணாடி என்று பெயர். அவர் போட்டிருந்த கண்ணாடியின் கனத்தைப் பார்த்தால் வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றாது. மூன்றாவது ஆள் பெண். அவளை எல்லாரும் டீச்சர் என்றார்கள். அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரியவர் போட்ட கணக்கைச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டாள், அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் பார்த்தது மலைக்குள் பாறை எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. கேட்பதற்கு ஏதோ பெரிய வித்தை மாதிரி இருக்கும். செய்முறை எளிதுதான். மலையில் ஆழமாக ஒரு துளை போடுவார்கள். அதற்குள் இரண்டு ரப்பர் அடைப்புகளை இறக்கி, காற்றடித்த டயர்போல உப்ப வைத்து, துளையில் ஒரு துண்டை மட்டும் மேலும் கீழும் மூடிவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள் பம்ப் வைத்துத் தண்ணீரைத் திணிப்பார்கள். பாறை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும், தாங்கும், ஒரு கட்டத்தில் படக்கென்று விரிசல் விடும். உடனே பம்பை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரின் அழுத்தம் மளமளவென்று இறங்கும், பிறகு இறங்குவது மெதுவாகும். சுற்றியிருக்கிற பாறை அந்த விரிசலை அழுத்தி மூடுகிற இடம் அது. அந்த இடத்தில் அழுத்தம் எவ்வளவோ அதுதான் பாறையின் இறுக்கம்.

சிக்கல் எங்கே என்றால், அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். கருவி ஒரு கோடு போட்டுக் கொடுக்கும். நல்ல பாறையில் அந்தக் கோடு முழங்கையை மடக்கினது மாதிரி பளிச்சென்று திரும்பும், குழந்தைகூடப் புள்ளி வைத்துவிடும். சில பாறைகளில் கோடு வளைகிறதா இல்லையா என்றே தெரியாமல் வழவழவென்று இறங்கிக்கொண்டே போகும். அங்கே எந்த இடத்தைத் திருப்பம் என்பது? அதனால்தான் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கோட்டை மூன்று பிரதி எடுத்து, மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தனித்தனியாகப் புள்ளி வைக்க வேண்டும். நடுவில் வருவதை எடுத்துக்கொள்வார்கள். மூன்று புள்ளிகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதையும் எழுதுவார்கள். விலகல் அதிகம் என்றால் அந்த எண்ணை நம்பி எதையும் கட்டக்கூடாது என்று அர்த்தம்.

அருமையான வழக்கம், சும்மா சொல்லக்கூடாது. அதைக் கெடுத்தது ஒரு டீ.

யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. மற்ற இருவரையும் விட்டு அதிக தூரத்தில் புள்ளி வைத்தவர் அன்றைக்கு டீ வாங்கித் தர வேண்டும். டீ பெரிய விஷயமா? இல்லை. ஆனால் அதோடு வருகிற கிண்டல் இருக்கிறதே! "கண்ணாடி, நீங்க மலையோட கோட்டைப் பாத்தீங்களா, கைரேகையைப் பாத்தீங்களா?" என்று பெரியவர் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் விடமாட்டார். "டீச்சர் இன்னிக்கு ஃபெயிலு!" என்று வாசலில் இருக்கிற காவலாளி வரைக்கும் செய்தி போய்விடும். ஆகவே மூன்று பேரும் தேறிக்கொண்டே வந்தார்கள். வருஷங்கள் ஓட ஓட, மூன்று புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே புள்ளிபோலத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். வெளியிலிருந்து சோதனை செய்ய வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இப்படி ஒரு ஒற்றுமையை எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டும் போனார்கள்.

மலைக்குள் தண்ணீர்ச் சுரங்கம் ஒன்று வெட்டியபோது, கடைசிப் பகுதிக்கு இரும்புக் குழாய் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு அவர்களிடம்தான் வந்தார்கள். சுரங்கம் நிறைந்து நிற்கும்போது தண்ணீரின் அழுத்தம் அவர்கள் கணக்கில் நாற்பத்தெட்டு. பாறையின் இறுக்கம் அதைவிட அதிகமாக இருந்தால் வெறும் பாறையே தண்ணீரைத் தாங்கும். குறைவாக இருந்தால் தண்ணீர் பாறையைப் பிளந்துகொண்டு கிளம்பிவிடும். அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் போட்ட துளையில் கோடு வழவழக் கோடாகவே வந்தது. ஆனாலும் மூன்று பேரும் ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று வைத்தார்கள். அன்றைக்கு டீ வாங்கினது கண்ணாடி. விலகலே இல்லாத எண் என்பதால் இரும்புக் குழாய் வேண்டாம் என்று முடிவாயிற்று.

டீச்சருக்கு ஒரு தம்பி. கல்யாணம் சரிப்படாமல் அவள் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் படிக்க வைத்தது, அதட்டி உருட்டி ஆளாக்கினது எல்லாம் அவள்தான். இப்போது அவன் அதே சுரங்கத்தில் ஒரு குழுவுக்கு மேஸ்திரி. சுரங்கத்தைத் தண்ணீர் விட்டு நிரப்பத் தொடங்கினதும், அதை ஒட்டின பக்கவழிக்குள் உட்கார்ந்து கசிவு பார்க்கிற வேலையை அவன் குழுவிடம் கொடுத்தார்கள். பக்கவழியின் கடைசியில் கனமான கான்கிரீட் சுவர். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். சுவரோரம் கசிகிற நீரை வாளியில் பிடித்து அளக்க வேண்டும். வேறு மேஸ்திரிகள் தயங்கினபோது இவன் தானாகவே கையைத் தூக்கினான்.

"எங்கக்கா அளந்த பாறைடா. வீட்டுக் கூடத்துல உக்கார மாதிரி உக்காருவேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவன் குழுவில் கட்டையன் என்று ஒருவன். சுரங்கத்துக்குள் தலையில் அடிபடாமல் நிமிர்ந்து நடக்கிற ஒரே ஆள் நான்தான் என்று தன் உயரத்தைப் பற்றித் தானே கேலி செய்வான். தம்பிக்கு அவன் உயிர். மச்சான் மச்சான் என்று எப்போதும் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் நிற்பார்கள்.

தண்ணீரைப் படிப்படியாக ஏற்றினார்கள். ஒரு மட்டம் ஏற்றி, நிறுத்தி, கசிவு பார்த்து, பிறகு அடுத்த மட்டம். கடைசி மட்டத்துக்கு ஏற்றுகிற நாள் காலையில்தான், கண்ணில் அறுவை செய்துகொண்டு விடுப்பில் இருந்த கண்ணாடி வேலைக்குத் திரும்பினார். மூக்கின்மேல் ஒன்றும் இல்லை. எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்றாள் டீச்சர்.

"அட, எதுவும் வேணாம். எப்பா, என்ன வெளிச்சம்! இந்தச் சுவர் வெள்ளைச் சுவர்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் அவர். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். "நிஜத்தைச் சொல்லிடறேன். ரெண்டு மூணு வருஷமா எனக்கு அந்தக் கோடே சரியாத் தெரியலை. எல்லாம் பனி மூடின மாதிரிதான்."

"அப்புறம் எப்படிப் புள்ளி வெச்சீங்க?"

"அது என்ன பெரிய கஷ்டம்? பெரியவர் எங்க வைப்பாருன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாப் பாக்கறேன். கோடு ஆரம்பிக்கிற உயரத்தைப் பாத்தாப் போதும், அவரு கை எங்க போகும்னு சொல்லிடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "நானும்தான்! வழவழக் கோடு வந்தா எனக்கும் அதே வேலைதான், சார் எங்க வைப்பாருன்னு யோசிச்சுத்தான் வைப்பேன்" என்றாள்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீயை மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, நான் உன்னைப் பாத்துல்ல வெச்சிட்டிருக்கேன்?"

"என்ன சார்?"

"நீதானே நம்ம மூணு பேர்ல நல்ல கண்ணு. வந்த அன்னிக்கே என் கணக்கைத் திருத்தினவ. கோடு குழப்பமா இருந்தா, இதுக்கு டீச்சர் எங்க வைப்பான்னுதான் நான் யோசிப்பேன்."

 டீச்சர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மூன்று பேர் தனித்தனியாகப் பாறையை அளந்தார்கள் என்று காகிதத்தில் இருக்கிறது. பாறையை ஒருவருமே அளக்கவில்லை. ஒருவர் மனதை ஒருவர் அளந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில், சம்பளம் வாங்கிக்கொண்டு. நல்ல கூத்து!

"அந்தச் சுரங்கத்துக் கடைசிப் பகுதிக் கோடு எங்கே?" என்றாள்.

கண்ணாடிக்கு அப்போதுதான் உறைத்தது. அவரே ஓடிப் போய் அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். புள்ளி வைக்காத புதிய பிரதிகள் மூன்று எடுத்தார்கள். இந்த முறை ஒரே அறையில் மூலைக்கு ஒருவராக உட்காரவில்லை. பெரியவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வராந்தாவுக்குப் போனார். டீச்சர் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

கோட்டைப் பார்த்தாள். முதல் தடவை பார்த்தபோதே இது இன்னும் கீழேதான் திரும்புகிறது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. தோன்றினதை ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் எங்கே வைப்பார்கள் என்று யோசித்துப் புள்ளி வைத்தாளே, பாவி! இப்போது யாரையும் நினைக்காமல் வைக்க வேண்டும் என்று பார்த்தால், பழைய இடம் வா வா என்று இழுக்கிறது. பெரியவர் முகத்தையும் கண்ணாடி முகத்தையும் மனதிலிருந்து தள்ளித் தள்ளி விட்டு, கடைசியில் வைத்தாள். நாற்பத்தொன்று.

கண்ணாடி புதுக் கண்ணால் பார்த்து வைத்தது நாற்பத்தொன்பது. பெரியவர் வைத்தது ஐம்பத்தாறு.

மூன்று காகிதங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மூவரும் நின்றார்கள். இவ்வளவு விலகலை அந்த அலுவலகம் கண்டதே இல்லை.

"இதுல எது சரி?" என்றார் கண்ணாடி.

"எதுன்னு தெரியாதுங்கறதுதான் சரி" என்றாள் டீச்சர். "நமக்குத் தெரியாது சார். தெரியவே தெரியாது. தெரியும்னு எழுதிக் குடுத்துட்டோம். ஃபோன் பண்ணுங்க, தண்ணியை நிறுத்தச் சொல்லுங்க. என் தம்பி உள்ள இருக்கான்."

பெரியவர் மறுபேச்சு பேசாமல் ஃபோனை எடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிரப்புகிற வேலைக்குப் பொறுப்பான என்ஜினியரைப் பிடித்து, மென்று விழுங்காமல், நடந்ததை நடந்தபடியே சொன்னார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் கெட்டவன் ஒன்றும் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டான்.

"சார், புதுசா ஏதாவது துளை போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அதே கோடு, அதே பேப்பர்?"

"அதேதான்."

"அப்ப பாறை மாறலை சார், நீங்கதான் மாறிட்டீங்க. சரி, இன்னிக்கு வெச்சதுல நடுவுல வர்றது எவ்வளவு?"

பெரியவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "நாப்பத்தொன்பது."

"தண்ணி நாப்பத்தெட்டு. உங்க வழக்கப்படியே பாத்தாலும் தாங்குது."

"இது அப்படிப் பாக்கற எண் இல்லப்பா. ஒருத்தர் நாப்பத்தொண்ணுங்கறாங்க, நான் அம்பத்தாறுங்கறேன். இதை நம்பாதேங்கறதுதான் இதுக்கு அர்த்தம்."

"சார், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா எங்களுக்குத் தெரியலைன்னு நீங்க ஃபோன்ல சொன்னீங்கன்னு நான் மேல போய்ச் சொல்ல முடியுமா? எழுதி அனுப்புங்க. சாயங்காலம் உக்காந்து பேசுவோம். எப்படியும் மட்டம் ஏறினதும் நிறுத்தி வெச்சுத்தான் பாக்கப் போறோம்."

பெரியவர் ஃபோனை வைத்துவிட்டு, "எழுதலாம், உக்காருங்க" என்றார் கண்ணாடியிடம். கண்ணாடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காகிதத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சர் வராந்தாவுக்கு வந்து சுரங்க வாசலில் இருக்கிற ஃபோனுக்கு அடித்தாள். அங்கே எடுத்தவன், "மேஸ்திரியா? உள்ள இருக்காருக்கா. கூப்பிடறேன், லைன்லயே இருங்க" என்று வைத்துவிட்டுப் போனான். தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்லத்தான் அவள் ஃபோன் செய்தாள். அதில் சந்தேகம் வேண்டாம். உங்கக்கா தப்பாக அளந்துவிட்டாள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வா என்று சொல்ல வேண்டும். ஆனால் காத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவன் என்ன பதில் சொல்வான் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சிரிப்பான். "உனக்கு என்னக்கா ஆச்சு? நீ அளந்ததுல தப்பு வருமா? போய் வேலையைப் பாரு" என்பான். ஊரெல்லாம் பெருமை அடித்துவிட்டு, இப்போது அக்கா பயப்படுகிறாள் என்று சொல்லிக்கொண்டு எழுந்து வருவானா, வீம்பு பிடித்தவன்? வரமாட்டான். அவளுக்குத் தெரியாதா அவனை? தூக்கி வளர்த்தவள் ஆயிற்றே.

"என்னக்கா, இந்த நேரத்துல?" மூச்சு வாங்கக் கேட்டான்.

"அம்மா கீழ விழுந்துட்டாங்கடா" என்றாள்.

"ஐயோ! எங்க? பேச்சு மூச்சு இருக்கா?"

"நீ வீட்டுக்கு வா. உடனே வா."

"வரேன், வரேன். கட்டையன் முறை முடிஞ்சு கிளம்பிட்டிருக்கான். அவனைக் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லிட்டு வரேன்."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, வேண்டாம், யாரையும் நிற்க வைக்காதே என்று ஒரு வார்த்தை. அவளுக்கு அது தோன்றாமல் இல்லை, தோன்றியது. ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று சொன்னால் வரமாட்டான், வராவிட்டால் அவன் அங்கேயே இருப்பான். கட்டையனின் முகம் ஒரு கணம் கண் முன்னால் வந்தது. தம்பியின் முகம் அதை மறைத்தது.

"சரி" என்றாள்.

அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் மோட்டார் சைக்கிள் வாசலில் கிடந்தது. நிறுத்திக்கூட வைக்காமல் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறான். உள்ளே அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கடா விழுந்தேன்? கல்லு மாதிரி நிக்கறவளைப் பாத்து விழுந்தேன்கறியே, எவன் சொன்னான் உனக்கு? துணி காயப் போட்டுட்டிருக்கேன், கண்ணு தெரியலை?"

தம்பி ஈரத் துணி தோளில் உரச நின்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"என்னக்கா இது விளையாட்டு? ஈரக்குலையே ஆடிப் போச்சு! வர்ற வழியில ரெண்டு தடவை கீழ விழப் பாத்தேன். கடைசி மட்டம் ஏத்தறாங்க இன்னிக்கு, என்னை ஆபீஸ்ல கிழிச்சிடுவாங்க."

"உள்ள போகாதேடா" என்றாள் டீச்சர்.

பிறகு சொன்னாள். கண்ணாடியின் கண்ணில் ஆரம்பித்து நாற்பத்தொன்றில் முடித்தாள். சொல்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அம்மாவுக்குப் பாதி புரியவில்லை; துணி வாளியை இடுப்பில் வைத்தபடி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பிக்கு எல்லாம் புரிந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"கட்டையன்?" என்றான்.

அவள் அம்மாவின் இடுப்பிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் கட்டையனை நிக்க வெச்சுட்டு வரேன்னு சொன்னேனேக்கா. நீ சரின்னியே."

"சொன்னா நீ வரமாட்டேன்னு நினைச்சேன்."

"யாரு சொன்னா வரமாட்டேன்னு? நீ என்னைக் கேட்டியா?" அவன் குரல் உடைந்தது. "நீ அளந்ததுன்னுதானே உள்ளயே போனேன். நீயே தப்புன்னு சொன்னா ஒரு நிமிஷம் நிப்பேனா? அத்தனை பேரையும் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். எனக்கு எதுக்குக்கா பொய்?"

சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்துச் சுரங்க வாசலுக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். பிறகு வெளியே ஓடி வண்டியைத் தூக்கி நிறுத்தினான். டீச்சர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏறு என்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சுரங்க வாசலுக்கு முன்னால் இருக்கிற மண் மைதானம் முழுக்கச் சேறாகிக் கிடந்தது. பக்கவழியிலிருந்து பழுப்புத் தண்ணீர் முழங்கால் அளவு வந்துகொண்டிருந்தது. மதகை மூடிவிட்டார்கள், தண்ணீர் வடிய வேண்டும், வடிந்த பிறகுதான் உள்ளே போக முடியும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தம்பி நேராகத் தண்ணீருக்குள் இறங்கப் போனான்; நாலு பேர் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். காலையில் ஃபோனில் பேசின என்ஜினியர் தலைக் கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். டீச்சரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழுவில் தப்பி வந்த இரண்டு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குப் பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை. மற்றவன் தம்பியைப் பார்த்ததும் ஓவென்று அழுதான்.

"சுவர் ஒண்ணும் ஆகலைண்ணே, சுவர் அப்படியே இருக்கு. பக்கத்துப் பாறைதான் பொளந்துச்சு. முதல்ல தலைமுடி மாதிரி ஒரு கோடு, அதுல புஸ்ஸுனு தண்ணி. கட்டையன்தான் ஓடுங்கடான்னு எங்களை முன்னாடி தள்ளினான். பின்னாடியே வரான்னுதான் நினைச்சோம். திரும்பிப் பாத்தா விளக்கு இல்லை."

தம்பி அவனுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. உள்ளே மேடான இடம் ஏதாவது இருக்குமா, ஏறி நின்றிருப்பானா என்று சிலர் பேசினார்கள். அந்தப் பக்கவழியில் மேடு எதுவும் இல்லை என்று டீச்சருக்குத் தெரியும். வரைபடம் அவள் மேஜையில்தான் இருந்தது. மேடு இல்லை என்று தெரிந்தும், இருக்கக்கூடாதா, கடவுளே, எங்கேயாவது ஒரு சாண் மேடு இருந்துவிடக்கூடாதா என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

கட்டையனின் மனைவி யாருடைய ஸ்கூட்டரிலோ வந்து இறங்கினாள். வீட்டு உடுப்போடு வந்திருந்தாள், செருப்புகூட இல்லை. அவளுக்கு இன்னும் யாரும் விவரமாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், தெரிந்த முகம் என்று டீச்சரிடம் வந்து நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் உள்ளதான் இருக்காராமேக்கா? தண்ணி வடிஞ்சா வந்துடுவாராம்."



அந்தப் பெண் சட்டென்று நினைவு வந்தவள்போல அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஐயோ, நான் ஒருத்தி! அம்மாவுக்கு எப்படிக்கா இருக்கு? காலைல வாசல்ல இருந்து ஃபோன் பண்ணினாரு. அவங்கம்மா விழுந்துட்டாங்களாம், அவன் வர்ற வரைக்கும் நான் நிக்கறேன், சாப்பாட்டுக்கு லேட்டாகும்னாரு. நான்தான் சொன்னேன், நீங்க இருங்க, நமக்கென்ன அவசரம், அவரு பாவம் நிதானமா போயிட்டு வரட்டும்னு. எலும்பு கிலும்பு எதுவும் முறியலையே?"

சேற்றில் உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். பரவாயில்லை, லேசான அடிதான் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷம் கடந்து போய்விடும். அந்தப் பதில் டீச்சரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"அம்மா விழவே இல்லம்மா" என்றாள். "நான் பொய் சொன்னேன். இவனை வெளிய கொண்டு வர்றதுக்கு."

அந்தப் பெண்ணின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. பிடித்த கையை விடாமலே மூச்சை விட்டாள்.

"விழலையா? அப்பாடா. நல்ல வேளைக்கா" என்றாள்.

டீச்சர் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டிப் படியில் உட்கார வைத்தாள். தானும் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்துகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.